ரிங்கை விட்டு இறங்கிய பிறகு: சேலத்துப் பழைய பாக்ஸருக்கு எது சரிப்படும்?

போன தை மாதம் ஒரு ராத்திரி, என்னோடு ஒரே மாஸ்டரிடம் பழகிய தம்பி போன் செய்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் 63.5 கிலோ பிரிவில் மாவட்டத்துக்காக ரிங்கில் ஏறியவன். "அண்ணா, 91 கிலோ வந்துட்டேன். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ஜிம்ல சேரட்டுமா, ஏற்காடு ரோட்டுல ஓடட்டுமா, இல்ல மறுபடியும் கிளவுஸ் மாட்டட்டுமா? நீங்க எதைச் சொன்னாலும் செய்யறேன்" என்றான்.

உடனே பதில் சொல்ல வரவில்லை. அவனுக்கு 45, எனக்கு 49. அவன் கேட்ட மூன்றையும், கேட்காத இன்னும் சிலவற்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். சிலது பலித்தது. ஒன்று என்னைப் பயமுறுத்தி அனுப்பியது. ஒரு வாரம் கழித்து அவனிடம் நேரில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் பழைய பாக்ஸர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். டீக்கடையில் பார்த்தாலே தெரியும். தோள் மட்டும் அந்தக் காலத்துத் தோளாக இருக்கும், அதற்குக் கீழே வயிறு தள்ளியிருக்கும்.

விளையாட்டை விட்டவன் குண்டானால் சோம்பேறி ஆகிவிட்டான் என்று வீட்டில் சொல்வார்கள். அது அப்படியில்லை. பின்லாந்து நாட்டுக்காக 1920 முதல் 1965 வரை ஆடிய ஆண் வீரர்களைப் பற்றி 2006இல் ஓர் ஆய்வு வந்தது. பாக்ஸர், மல்யுத்தக்காரர், பளுதூக்குபவர் என்று எடைப் பிரிவுக்காக உடம்பை ஏற்றி இறக்கியவர்களை ஒரு பக்கம் வைத்தார்கள். அப்படி ஏற்றி இறக்காத மற்ற விளையாட்டு வீரர்கள் ஒரு பக்கம், விளையாட்டே இல்லாத சாதாரண ஆட்கள் ஒரு பக்கம். 20 வயதிலிருந்து வாழ்நாளின் உச்ச எடை வரை பி.எம்.ஐ. (உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற அளவு) எவ்வளவு கூடியது என்று பார்த்தால், மற்ற வீரர்களுக்கு 3.3, சாதாரண ஆட்களுக்கு 4.4, எங்களைப் போன்றவர்களுக்கு 5.2. விளையாடவே விளையாடாதவனைவிட நாங்கள் அதிகம் பருத்திருக்கிறோம். மேட்ச்சுக்குப் பத்து நாள் முன்னால் பட்டினி, எடை போட்டு இறங்கியதும் பிரியாணி என்று பத்து வருடம் பழக்கிய உடம்பு அது. மேட்ச் நின்ற பிறகு பட்டினி நின்றுவிடுகிறது, பிரியாணி நிற்பதில்லை.

அமெரிக்க ஹெவிவெயிட் பாக்ஸர் ஜார்ஜ் ஃபோர்மன் 1974இல் முகமது அலியோடு மோதியபோது சுமார் 100 கிலோ. 1977இல் விலகினார். பத்து வருடம் கழித்து 1987இல் திரும்பி வந்தபோது 121 கிலோ. உலக சாம்பியனுக்கே அப்படித்தான் நடந்தது. ஆனால் மறுபடியும் மேட்ச் தேதி என்று ஒன்று வந்த பிறகு அவர் ஓடினார், உழைத்தார், 1994இல் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தைத் திரும்பவும் எடுத்தார். எங்களைக் காலை 5 மணிக்கு எழுப்பியது ஆரோக்கியம் பற்றிய கவலை இல்லை. ஒரு தேதியும் ஒரு தராசும்தான். அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன்: இது உடம்பைக் கெடுக்காமல் இருக்குமா, மூன்று வருடம் கழித்தும் இதற்காகப் படுக்கையை விட்டு எழுவோமா?

மறுபடியும் கிளவுஸ் மாட்டி ஸ்பாரிங் செய்வது, அதாவது எதிரே ஒருவனை நிறுத்திப் பயிற்சிச் சண்டை போடுவது பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லோர் மனதிலும் இருப்பது அதுதான். இரண்டாவது கேள்விக்கு இதைப்போல் பதில் சொல்லும் வழி வேறு கிடையாது. நாளைக்கு ஒருவன் எதிரே நிற்கப்போகிறான் என்றால் இன்றைக்கு ராத்திரி யாரும் அதிகம் சாப்பிடமாட்டோம். முதல் கேள்வியில்தான் இது முற்றிலும் தோற்கிறது. 41 வயதில், ஊரில் ஒரு பயிற்சிக் கூடத்தில், 19 வயதுப் பையனோடு மூன்று ரவுண்டு போட்டேன். இரண்டாவது ரவுண்டில் அவன் பக்கவாட்டில் வளைத்து விட்ட இடது ஹுக்கை நான் பார்த்தேன். தலையைச் சாய்க்க வேண்டும் என்று தெரிந்தது. கழுத்து அசைவதற்குள் அது வந்து சேர்ந்துவிட்டது. விழவில்லை, ரத்தம் வரவில்லை. ஆனால் மூன்று நாள் டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, கடைக்காரர் கொடுத்த பாக்கிச் சில்லறையை இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் மெதுவாகத்தான் அடித்தான்.

வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஓடும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. 20 வயதில் தாங்கிய அதே குத்தில் 45 வயதில் அந்த நாளம் கிழிந்து உள்ளே ரத்தம் கசியலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஹெல்மெட் போட்டுக்கொள்கிறேனே என்பார்கள். ஹெல்மெட் புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. குத்து வாங்கி வாங்கி நடை தள்ளாடி, பேச்சுக் குழறும் பாக்ஸர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். அலிக்கு 1984இல், 42 வயதில், பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். சர்வதேச அமெச்சூர் விதியே 40 வயதோடு எலீட் என்ற முதல்நிலைப் பிரிவை மூடிவிடுகிறது. மைக் டைசன் 2024 நவம்பரில் 58 வயதில் ஏறினாரே என்று தம்பி கேட்டான். ரவுண்டு இரண்டு நிமிடமாகச் சுருக்கப்பட்ட மேட்ச் அது. எட்டு ரவுண்டு நின்று புள்ளியில் தோற்றார். அவருக்குக் கிடைத்த பணமும் டாக்டர்களும் கொலுசுப் பட்டறைக்காரனுக்குக் கிடைக்கமாட்டார்கள். "பாடியில மட்டும் அடிச்சுக்கலாம்ணா" என்பதையும் நம்பாதீர்கள். இரண்டு பழைய பாக்ஸர்கள் பேசிவைத்துக்கொண்டு தொடங்கினால், இரண்டாவது நிமிடத்தில் ஒரு குத்து மேலே ஏறும். அதற்குப் பதில் குத்தும் மேலேதான் வரும். ஆக, ஸ்பாரிங் வேண்டாம். இதில் நான் யாரோடும் சமாதானம் பேச மாட்டேன்.

தனியாகப் பேக் (தொங்கும் குத்துமூட்டை) அடிப்பது, ஸ்கிப்பிங், ஆளில்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ. செலவு குறைவு. கற்ற வித்தை கையில் இருப்பதால் முதல் நாளே வியர்க்கும். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொண்டால் ஆறு ரவுண்டு 24 நிமிடத்தில் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவனுக்கு இதைவிடக் கச்சிதமான பயிற்சி இல்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மற்றவர்கள் மெல்லத் தொடங்குவார்கள், நமக்கு மெல்ல அடிக்கத் தெரியாது. பேக்கைப் பார்த்ததும் கை பழைய வேகத்தைத் தேடும். இதயமும் மணிக்கட்டும் இருபது வருடம் பின்தங்கி இருக்கும். அதனால் முதல் மாதம் நான்கு ரவுண்டுக்கு மேல் வேண்டாம். 16 அவுன்ஸ் கிளவுஸ், உள்ளே ஒழுங்காகச் சுற்றிய கைக்கட்டு. சுண்டுவிரல் முட்டியில் அடி விழுந்தால் அங்கே எலும்பு முறிந்து ஆறு வாரம் போய்விடும். ஸ்கிப்பிங்கை 85 கிலோவுக்குக் கீழே வந்த பிறகு பார்த்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னேன். குதிகால் தசைநாண் அந்த எடையை ஆயிரம் தடவை தாங்காது. மூன்று வருடம் நிற்குமா என்றால், எனக்கு நிற்கவில்லை. மொட்டை மாடியில் தொங்கிய என் பேக்கில் எட்டாவது மாதம் என் மனைவி மிளகாய் காயப்போடும் சாக்கைக் கட்டியிருந்தாள். பேக் நமக்காகக் காத்திருக்காது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்காது.

அடுத்தது ஓட்டமும் மலையும். இதில் நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்துக்காரனுக்கு வாய்த்த பெரிய சொத்து இது.

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். 91 கிலோ ஆளுக்கு அது 200 கிலோவைத் தாண்டும். காந்தி மைதானத்தில் காலையில் ஓடுகிற பழைய ஆட்களைப் பாருங்கள், மூன்றாவது வாரம் முழங்காலில் பேண்டேஜ் இருக்கும். மூக்கனேரிக் கரையில் வேக நடை நல்லது, தண்ணீரும் பறவையும் பார்த்தபடி 40 நிமிடம் போவது தெரியாது. ஆனால் சமதள நடை பாக்ஸருக்குப் போதாது, மூச்சு ஏறவே ஏறாது. ஏற்றம்தான் இதற்கு வழி. மேட்டில் ஏறும்போது காலடி மெதுவாக விழுவதால் அதிர்ச்சி குறைவு, உழைப்பு அதிகம். அம்மாபேட்டையில் குமரகிரி படிகள் இருக்கின்றன. முருகனைக் கும்பிடப் போகிறவர்களோடு சேர்ந்து ஏறலாம். முதல் நாள் நடுவில் நான்கு இடத்தில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. இறங்குவதுதான் முழங்காலுக்குப் பகை. தொடை முன்பக்கத் தசை நீண்டபடியே பாரம் தாங்குவதால், வலி அடுத்த நாள் விட்டு அதற்கடுத்த நாள் வந்து நிற்கும். கைப்பிடியைத் தொட்டபடி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து மெல்ல இறங்குங்கள்.

ஏற்காடு மாதத்துக்கு ஒரு முறை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 20 கிலோமீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர் அளவில் இருக்கிறது. 80 கிலோ ஆள் அந்த 1,200 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டுமே 900 கலோரி பக்கம் செலவழிப்பான், தூரக் கணக்கு தனி. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குளிர்ச்சி கூடும் என்பதால், கீழே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் மேல் வளைவுகளில் காற்று முகத்தைத் துடைத்துவிடும். பங்குனியில் போனால் காப்பிப் பூ வாசம் வரும். நான் புதன் கிழமை போவேன். சனி, ஞாயிறு கார்களுக்கு நடுவில் நடப்பது சண்டைக்குப் போவதைவிட ஆபத்து. நன்றாக விடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும், காட்டெருமை ரோட்டுக்கு வரும். மழைக்காலத்தில் மண் சரியும், அந்த மாதங்களில் போகவே வேண்டாம். ஏறுவதற்குக் கால், இறங்குவதற்குப் பஸ். இந்த விதியை நான் மீறியதில்லை. முழுவதும் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். புதிதாகத் தொடங்குபவர் நான்கைந்து வளைவோடு திரும்பிவிடலாம். மலையில் ஓடினால் மூச்சு கூடும் என்று எங்கள் மாஸ்டர் காலத்திலிருந்தே சொல்வார்கள். அந்தப் பலன் கிடைக்க இதைவிட உயரத்தில் வாரக்கணக்கில் தங்கிப் பழக வேண்டும். ஏற்காட்டுக்கு ஒருநாள் போய்வருபவனுக்குக் கிடைப்பது சரிவும் குளிர்ச்சியும்தான், அதுவே போதுமானது.

ஜிம் எடைப்பயிற்சியில் சுவை குறைவு, தேவை அதிகம். 30 வயதுக்கு மேல் தசை பத்தாண்டுக்குச் சில சதவீதமாவது கரைகிறது. அதை நிறுத்துவது எடை தூக்குவதுதான், நடையோ பேக்கோ செய்யாது. வாரம் இரண்டு நாள், 40 நிமிடம். குந்தி எழுதல், முதுகுப் பக்கம் இழுத்தல், கீழிருந்து தூக்குதல். பாக்ஸருக்கு நெஞ்சும் முன்தோளும் ஏற்கெனவே முன்னால் வளைந்திருக்கும், பெஞ்ச் பிரஸ்ஸிலேயே குடியிருந்தால் அது இன்னும் கூடும். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். தம்பிக்கு ஜிம் பிடிக்கவில்லை. பட்டறையில் இருந்த இரண்டு இரும்புக் கட்டியும் ஒரு ஸ்டூலும் போதும் என்று வீட்டிலேயே செய்கிறான்.

நீச்சல் முழங்காலுக்கு மிக நல்லது. குளம் பக்கத்தில் இருந்தால் தாராளமாகப் போங்கள். சைக்கிளும் அப்படியே. ஷட்டில் ஆடப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: திடீரென்று முன்னால் பாய்ந்து குதிகால் தசைநாண் அறுந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். சிலம்பம் நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பிடித்தது. கால் வரிசை எங்களுக்குப் பாதி தெரிந்ததுபோல் இருக்கும். கம்பு சுழற்றும்போது வலது இடது இரண்டு தோளும் சமமாக வேலை செய்யும். இருபது வருடம் ஒரே பக்கமாக நின்றே பழகிய உடம்புக்கு அது பெரிய விடுதலை.

கடைசியாக, தம்பி கேட்காமல் விட்ட வழி. பிள்ளைகளுக்குப் பேட் பிடிப்பது, அதாவது கையில் திண்டு மாட்டிக்கொண்டு அவர்கள் குத்தை வாங்குவது.

இதைச் சும்மா கோச்சிங் என்று சொன்னால் தப்பாகிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதும் மாஸ்டருக்கும் வயிறு வரும், எனக்குத் தெரிந்தவர்களுக்கு வந்திருக்கிறது. பேட் பிடிப்பது வேறு. ஆறு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு ரவுண்டு என்றால் 12 ரவுண்டு, 36 நிமிடம் நீங்கள் ஓரிடத்தில் நிற்கவே முடியாது. பிள்ளை முன்னால் வந்தால் பின்வாங்க வேண்டும், வட்டம் போட்டால் கூடவே சுற்ற வேண்டும், ஒவ்வொரு குத்துக்கும் கையை ஒரு விரற்கடை முன்னால் கொடுத்து வாங்க வேண்டும். அந்த ஒரு விரற்கடையில்தான் விஷயம் இருக்கிறது. கையைத் தளர்த்தி வைத்தால் பேட் பின்னால் போய் பிள்ளையின் தோள் இழுபடும், சத்தம் சப்பென்று இருக்கும். ஓங்கி எதிர்த்து அடித்தால் பிள்ளையின் மணிக்கட்டு வலிக்கும், நம் முழங்கையும் போகும். சரியான இடத்தில் சந்தித்தால் டப் என்று ஒரே சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும். நாங்கள் பிடிக்கும் இடத்தில் 12 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை. இடது கையால் ஜாப் என்ற நேர்க்குத்து விடும்போதெல்லாம் வலது கை தாடையை விட்டு இறங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் பேடால் அந்தக் கன்னத்தை லேசாகத் தொட்டுக் காட்டுவேன். மூன்று வாரம் காட்டினேன். நான்காவது வாரம் என் பேட் போய்ச் சேருவதற்குள் அவள் கை அங்கே இருந்தது. 41 வயதில் எனக்கு வராமல் போன அந்த நொடி அவளுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் நான் ஜெயித்த எந்த மேட்ச்சிலும் இல்லை.

இதிலும் வலி உண்டு, மறைக்க மாட்டேன். முழங்கை வெளிப்பக்கம் இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். 70 கிலோ பையனுக்கெல்லாம் பிடிக்காதீர்கள், அவர்களைப் பேக்குக்கு அனுப்புங்கள். பணம் வரும் என்று இறங்க வேண்டாம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு இதுதான் ஸ்பாரிங்குக்கு அடுத்தபடி நிற்கிறது. மழை பெய்தாலும் ஆறு பிள்ளைகள் கைக்கட்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போகாவிட்டால் மறுநாள், "நேத்து ஏன் மாஸ்டர் வரலை?" என்று கேட்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆக வேண்டும். பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். போவது தண்ணீர் மட்டும், சாயங்காலமே திரும்பி வந்துவிடும், சேலத்துக் கோடையில் உயிருக்கே ஆபத்து. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. வாரம் அரைக் கிலோ குறைய ஒரு நாளைக்கு 550 கலோரி குறைத்தால் போதும். தம்பிக்கு அது தினமும் சாயங்காலம் பட்டறை வாசலில் சாப்பிட்ட இரண்டு தட்டுவடை செட்டு, ஒரு நொறுக்கல், இரண்டு சர்க்கரை டீ. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினான், நிறுத்தவில்லை. எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடந்தவனிடம் முழுவதும் நிறுத்து என்று சொன்னால் அவன் உடம்பு பழைய பழிவாங்கலைத் தொடங்கிவிடும். அமெரிக்க பாக்ஸர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 2014இல் 49 வயதில் பட்டம் வைத்திருந்ததற்கு ஒரு காரணம், மேட்ச் இல்லாத மாதங்களிலும் எடையை ஏற விடாததுதான்.

எதைத் தொடங்குவதற்கு முன்னாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றும் பாருங்கள். பாக்ஸராக இருந்தவர் கண்ணின் விழித்திரையையும் காட்டுவது நல்லது. இத்தனை வருடக் குத்தில் அது எங்கேயாவது இழுபட்டிருக்கலாம். தம்பிக்கு அழுத்தம் கூடுதல் என்று வந்தது. மாத்திரை தொடங்கி ஒரு மாதம் மூக்கனேரி நடை மட்டும்தான். அதற்குப் பிறகுதான் படியேற விட்டேன்.

இப்போது அவன் செவ்வாய், வியாழன், சனி சாயங்காலம் என்னோடு வந்து பேட் பிடிக்கிறான். வாரம் இரண்டு நாள் வீட்டில் இரும்புக் கட்டி, ஞாயிறு காலை குமரகிரி. ஏற்காட்டுக்கு இரண்டு தடவை வந்தான், இரண்டாவது தடவை 11ஆவது வளைவு வரை. எடை 84க்கு வந்திருக்கிறது. போன வாரம் அவன் பட்டறைக்குப் போயிருந்தேன். சுவரில் வெள்ளிக் கணக்கும் டெலிவரித் தேதியும் குறிக்கிற மாதக் காலண்டர் தொங்குகிறது. அடுத்த மாதத் தாளில் ஒரு சனிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அது டெலிவரியா என்று கேட்டேன். "இல்லண்ணா, நம்ம பாப்பாவுக்கு மாவட்ட மேட்ச்" என்றான். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: அவள் எடை, அதற்குக் கீழே அவன் எடை.